கல்லு மாதிரி

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ராமநாதபுரத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாரப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய அத்தியாயத்தோடு மல்லுக் கட்டிக்கொண்டிருந்தேன். கதாநாயகியைக் கிணற்றடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அவளை அங்கிருந்து எப்படி நகர்த்துவது என்றுதான் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் தெருமுனையில் ஒரு பெண் வருவது தெரிந்தது. தோளில் ஒரு பை, கையில் நீளமான நோட்டு. அடுத்த கணம் நான் திண்ணையில் இல்லை. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"சார் இருக்காகளாக்கா?" என்று குரல் கேட்டது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன்.

"வெளியே போயிருக்காக" என்றாள்.

முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவள் எனக்காகச் சொன்ன பொய்களுக்குள் இதுதான் மிகவும் நோஞ்சான். ஏனென்றால் வாசலில் என் செருப்பு கிடந்தது. திண்ணையில் மூடாத பேனா கிடந்தது. அதன் பக்கத்தில் என் மூக்குக் கண்ணாடியும் கிடந்தது. அந்தப் பெண் மூன்றையும் சாவகாசமாகப் பார்த்தாள்.

"கண்ணாடி இல்லாம சார் தூரமாப் போயிருக்க மாட்டாக. சரிக்கா, அடுத்த வாரம் வாறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அவள் கடன் வசூலிக்க வந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஒரு திட்டம் 2021 ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள சாமனப்பள்ளியில் ஆரம்பமாயிற்றே, அதன் ஊழியர். வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். காசு கிடையாது. பஸ் ஏற வேண்டாம். வரிசையில் நிற்க வேண்டாம். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு விரலை நீட்டுவது. அதற்குத்தான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

என் வயது அறுபத்தெட்டு. என் தாயாருக்குச் சர்க்கரை இருந்தது. என் நாவல்களில் நாலு டாக்டர்கள் வருகிறார்கள். நாலு பேரும் தர்மாத்மாக்கள். ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் 'வருமுன் காப்போம்' என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசிப் பொன்னாடை வாங்கியிருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரியாமல் இல்லை. வள்ளுவர் சொன்னதும் மனப்பாடம்தான். பின்னே ஏன் ஓடினேன்?

இந்தக் கேள்வி என் ஒருவனுடையது மட்டுமல்ல. 2020 ஆம் வருஷம் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 100 பேரில் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்ததாகத் தெரிய வந்தது. சர்க்கரை உள்ளவர்களில் 100க்கு 11 பேர். மற்றவர்களில் பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 100க்கு 10 பேர். இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 2 பேர்! பத்துப் பேர் என்பதே நமக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ளலாம். தொண்ணூறு பேர் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

'ஜனங்களுக்கு அறிவு போதாது' என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அபிப்பிராயத்தைச் சென்ற மே மாதம் ராமேசுவரம் கடற்கரையில் ஒரு படகுக்காரர் மாற்றிவிட்டார்.

நாவலுக்காகச் சில விவரங்கள் தேவைப்பட்டன. தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த விசைப்படகுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரைத் தேடிக்கொண்டு போனேன். கிழக்குக் கடற்கரையில் வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகுகிற காலம் என்று ஏற்பட்ட தடை அது. அந்த நாட்களில் ராமேசுவரம் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். ராத்திரியெல்லாம் உறுமிக்கொண்டிருந்த படகுகள் வரிசையாக ஓய்ந்து கிடக்கும். பலவற்றைக் கரையில் ஏற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். எங்கே பார்த்தாலும் உளிச் சத்தம், பெயிண்டு வாசனை. மீன்வளத் துறை அதிகாரிகள் வந்து ஒவ்வொரு படகாகச் சோதித்துக் கணக்கு எழுதிக்கொண்டு போவார்கள். மீனுக்காக வந்த விடுமுறையில் படகுகளுக்கு வைத்தியம் நடக்கிறது.

நம் நண்பரின் படகையும் கரையேற்றியிருந்தார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஓடாவி ஒரு கிழவர். கையில் சின்னச் சுத்தியல். குனிந்து, படகின் அடிப்பலகையை ஒவ்வொரு சாணாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். மறுபடி தட்டினார். இடுப்பிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் குத்தினார். நல்ல மரத்தில் ஏறாத ஊசி, வெண்ணெயில் ஏறுகிற மாதிரி ஏறிற்று.

"வெளியே பெயிண்டு. உள்ளே புழு" என்றார். "இந்தப் பலகைய எடுத்துரணும்."

படகுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "எடுத்துருங்க பெரியவரே" என்றார். அத்தனைக்கும் அது பெரிய செலவு. கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்று பிற்பாடு சொன்னார்.

அவர் திரும்பியபோதுதான் இடது காலைப் பார்த்தேன். பெருவிரலைச் சுற்றிப் பழைய வேட்டிக் கிழிசல் கட்டியிருந்தது.

"என்ன தம்பி அது?"

"சிப்பி கிழிச்சிருச்சுண்ணே. ஒரு மாசமாச்சு, ஆற மாட்டேங்குது."

"சர்க்கரை பார்த்தீர்களா?"

அவர் சிரித்தார். நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். "எனக்கென்னண்ணே, கல்லு மாதிரி இருக்கேன்!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பு ஒரு தடவை குலுங்கிற்று. அது என் வார்த்தை. பல வருஷங்களுக்கு முன் நான் ஒருவரிடம் சொன்ன வார்த்தை. அதைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரே அக்கா. ராமநாதபுரத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நான் அப்போது சென்னையில் உத்தியோகம் பார்த்தேன். 2007 ஆம் வருஷம் ஒரு கல்யாணத்துக்காக வந்தபோது அவள் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். புறப்படுகிற அன்று காலையில் காப்பி டம்ளரை நீட்டியபடி அக்கா சொன்னாள்: "இன்னைக்குப் பொம்பளைகளுக்கு ஏதோ பரிசோதனை முகாமாம். நர்ஸு வந்து சொல்லிட்டுப் போச்சு. அத்தான் வரமாட்டாக. தனியாப் போகக் கூச்சமா இருக்கு. வாசல் வரைக்கும் நீ கூட வாறியா? பகல் ரயிலுக்குப் பதிலா ராத்திரி ரயிலுக்குப் போகலாம்."

எனக்கு மறுநாள் காலையில் ஒரு பத்திரிகை ஆபீசில் வேலை இருந்தது. ராத்திரி ரயிலில் போனாலும் அதற்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் சிரித்துக்கொண்டு சொன்னேன்: "உனக்கென்ன அக்கா, கல்லு மாதிரி இருக்கிறாய்! அதெல்லாம் நோய் இருக்கிறவர்களுக்கு."

அக்காவும் சிரித்தாள். "அதுவும் சரிதான்" என்றாள். அவள் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. ஒரு பெரிய பாரம் இறங்கியவள் மாதிரி உற்சாகமாக எனக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். அவளுக்கும் போக இஷ்டமில்லை. போகாமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் அதைக் கொடுத்தேன். அவள் கேட்டது துணை. நான் கொடுத்தது சாக்கு.

2011 இல் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தோம். மாதவிலக்கு நின்று வெகு நாளான பிறகு மறுபடியும் உதிரம் காணத் தொடங்கியிருந்தது. அதையும் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சிறு வயதுக்காரர், நல்ல மனிதர். என்னை வெளியே அழைத்துக்கொண்டு போய்ப் பொறுமையாக விளக்கினார். கர்ப்பப்பை வாயில் வருகிற இந்தப் புற்று ராத்திரியோடு ராத்திரியாக வருவதில்லையாம். ஒரு கிருமி தொற்றி, திசுக்கள் மெல்ல மாறி, அது புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15, 20 வருஷம் ஆகுமாம். அவ்வளவு காலமும் வலி இல்லை, அடையாளம் இல்லை. ஆனால் தேடிப் பார்த்தால் தெரியும். காடி மாதிரியான ஒரு திராவகத்தை நீர்க்கச் செய்து தடவினால், கெட்ட இடம் ஒரு நிமிஷத்தில் வெள்ளையாகக் காட்டிவிடும். அந்தக் கட்டத்தில் உறைய வைத்து எடுத்துவிட்டால் அநேகமாகத் தீர்ந்தது.

"நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி யாராவது பார்த்திருந்தால்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

2013 இல் அக்கா போய்விட்டாள். 'அவள் எதையும் வெளியே சொல்லாதவள். மறைத்துவிட்டாள்' என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அது பாதி நிஜம். எட்டு மாதம் மறைத்தாள் என்பது நிஜம். அதற்கு நாலு வருஷம் முன்பு காப்பி டம்ளரோடு நின்று கேட்டாள் என்பது மீதிப் பாதி.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. உடம்பைப் பரிசோதிப்பது என்றால் நமக்கு அந்தச் சங்கின் ஞாபகம்தான் வருகிறது. சங்கு சும்மாதானே இருக்கிறது? ஊதுவானேன்? இல்லாததைப் பேசினால் வந்துவிடும் என்று வாயில் அடித்துக்கொள்கிறவர்கள் நாம். இதைப் பாமரர் புத்தி என்று தள்ளவும் முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சொந்தத் தங்கைக்கே புற்று வந்தபோது, முதலில் அதைச் சீதபேதி என்றுதான் நினைத்து வைத்தியம் நடந்தது. அந்தத் தங்கையின் மரணம் அந்த அம்மாள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. 1952 இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்ததற்கு அந்த முள் ஒரு காரணம். பெரியவர்கள் தங்கள் துக்கத்திலிருந்து ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். நான் என் துக்கத்திலிருந்து கதவுக்குப் பின்னால் ஒளியக் கற்றுக்கொண்டேன்.

தங்கச்சிமடத்துக்குத் திரும்புவோம். அன்று சாயங்காலம் படகு நிழலில் உட்கார்ந்து அந்த நண்பரைக் கேட்டேன்: "பலகைக்கு இவ்வளவு பார்க்கிறீர்களே தம்பி, காலுக்கு ஏன் பார்க்கவில்லை?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மணலில் ஒரு கோடு கிழித்தார்.

"அண்ணே, இப்ப எல்லாப் படகும் நிக்குது. என் படகு நிக்கிறத எவனும் ஏன்னு கேக்க மாட்டான். இதே படகு தை மாசத்துல ரெண்டு நாள் கரையில நின்னுச்சுன்னு வைங்க, என்னமோ கோளாறுன்னு ஊரே பேசும். முன்பணம் கொடுத்த ஏவாரி வந்துருவான். கூட வாற ஆளுக வேற படகு பாப்பாக. எனக்கும் அதே கதைதான். நான் ஆசுபத்திரி வரிசையில நின்னா, அவனுக்கு என்னமோ சீக்குன்னு ஆயிரும். எல்லாரும் நிக்கிற ஒரு நாள் மனுசனுக்கு ஏதுண்ணே?"

நான் படித்த மருத்துவக் கட்டுரைகள் எதிலும் இவ்வளவு தெளிவான பதில் எனக்குக் கிடைத்ததில்லை. படகுக்குப் பரிசோதனை நடக்கிறது என்றால், படகுக்காரர்கள் அறிவாளிகள் என்பதனால் நடக்கவில்லை. கடல் மூடிக் கிடக்கிறது, அதனால் கூலி நஷ்டம் இல்லை. எல்லாப் படகும் நிற்கிறது, அதனால் வெட்கம் இல்லை. குறை கண்டால் சீர் செய்ய ஓடாவி அங்கேயே நிற்கிறார், அதனால் பயம் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் மனிதன் தானே வருவான். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத இடத்தில் 'வா, வா' என்று ஒலிபெருக்கி வைத்துக் கத்திவிட்டு, வராதவனை மூடன் என்கிறோம்.

மறுநாள் காலையில் பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துக்குப் போனேன். அங்கே பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறைக்கடியிலிருந்து பறித்து வருவார்கள். உப்புத் தண்ணீரிலேயே பாதி ஆயுள். அவர்களில் நடு வயதைத் தாண்டிய ஓர் அம்மாளிடம், முகாமுக்கெல்லாம் போவதுண்டா என்று கேட்டேன்.

"எங்கிட்டுப் போக?" என்றார். "நீர் வாகு பாத்துத்தான் கடல்ல இறங்க முடியும் ஐயா. மாசத்துல அதுவே கொஞ்ச நாளு. முகாம் போட்ட அன்னிக்கு நல்ல வத்து. பாசிக்குப் போனா அன்னைக்குச் சோறு. முகாமுக்குப் போனா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, போறேன்னே வைங்க. நோயி இருக்குன்னு சொல்லிட்டாக. அப்புறம்? மதுரைக்கு என்னை யாரு கூட்டிட்டுப் போவா?" என்றார்.

1968 இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இரு நிபுணர்கள் நோயை முன்கூட்டித் தேடுவதற்கான நியதிகளை எழுதினார்கள். இன்று வரை மருத்துவ உலகம் அவற்றைப் போற்றுகிறது. கண்டுபிடித்த நோய்க்கு ஒப்புக்கொண்ட சிகிச்சை இருக்க வேண்டும். அந்தச் சிகிச்சைக்கு வசதியும் இருக்க வேண்டும். ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது என்பன அந்த நியதிகளில் சில. சின்னப்பாலத்து அம்மாள் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அதன் சாரத்தை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். 'அப்புறம்?' என்ற அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் அவரைப் பரிசோதனைக்கு அழைக்கிற யோக்கியதை உண்டு. 2022 முதல் ராமநாதபுரத்திலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது ஒரு நல்ல பதிலின் தொடக்கம். ஆனால் ஒரு பாசிக்காரப் பெண்ணுக்குச் சின்னப்பாலத்திலிருந்து ராமநாதபுரமும் தூரம்தான், கூட வர ஆள் இல்லையென்றால்.

இது வெறும் பேச்சு அல்ல, நடத்திக் காட்டியிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே திண்டுக்கல் ஜில்லாவில் நடந்தது. அம்பிளிக்கை என்ற ஊரை மையமாக வைத்துக்கொண்டு, 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களை அந்தக் காடித் திராவகப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார்கள். பரிசோதனையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். பயிற்சி பெற்ற நர்ஸுகளே பார்த்தார்கள். கெட்ட இடம் தெரிந்தால் சிகிச்சையும் தயாராக இருந்தது. 2000 முதல் 2003 வரை 31,343 பெண்கள் வந்தார்கள். அதாவது 100க்கு 63 பேருக்கு மேல்! 100க்கு 10 பேர் வருகிற நாட்டில் அறுபத்து மூன்று பேர். பலன் என்ன என்று 2007 இல் உலகத்துக்கு அறிவித்தார்கள்: அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட்டால், இந்தப் புற்றினால் ஏற்பட்ட மரணம் 100க்கு 35 பங்கு குறைந்திருந்தது. அதே 2007 இல்தான், வாசல் வரைக்கும் கூட வா என்று என் அக்கா என்னைக் கேட்டாள்.

அந்தக் கிராமத்துப் பெண்கள் நம்மைவிட அதிகம் படித்தவர்களா? இல்லை. அவர்களை ஒருவர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்த வீட்டுக்காரியும் வந்தாள். நல்லதோ கெட்டதோ, அடுத்து என்ன என்பதற்கு அங்கேயே ஆள் இருந்தது. அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லாவிட்டால் நான் பொய்யனாவேன். பட்டணங்களில் 'முழு உடல் பரிசோதனை' என்று அறுபது, எழுபது சோதனைகளை மூட்டையாகக் கட்டித் தீபாவளித் தள்ளுபடியில் விற்கிறார்கள். அதை நான் சிபாரிசு செய்யவில்லை. உடம்பு முழுவதையும் சும்மா துழாவிப் பார்ப்பதனால் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று, சுமார் 2,50,000 பேர் பங்குகொண்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த நிபுணர்கள் 2019 இல் சொன்னார்கள். நமக்கு வேண்டியவை சில. ரத்த அழுத்தம், சர்க்கரை. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயும் மார்பும். புகையிலை போடுகிறவர்களுக்கு வாய். ஓடாவி படகைத் தூள் தூளாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. புழு எங்கே வரும் என்று தெரிந்த இடத்தில் தட்டிப் பார்க்கிறார்.

புறப்படுவதற்கு முன் படகுக்காரரிடம் சொன்னேன்: "தம்பி, உங்கள் படகு இன்னும் பத்து நாள் நிற்கும். கடல் மூடித்தான் இருக்கிறது. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், என் சர்க்கரையைப் பார்க்க. எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. கூட வருகிறீர்களா?"

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். எழுத்துக்காரன் தந்திரம் செய்கிறான் என்று நினைத்திருப்பார். ஆனால் பயமாக இருக்கிறது என்று நான் சொன்னது தந்திரம் இல்லை என்பது என் குரலிலேயே தெரிந்திருக்க வேண்டும். "நீங்க பயப்படுறீகன்னா வாறேண்ணே" என்றார். மறுநாள் இருவரும் ராமேசுவரத்தில் வரிசையில் நின்றோம். யார் யாருக்குத் துணை என்று கேட்டிருந்தால் எங்களுக்கே சொல்லத் தெரிந்திராது. என் கணக்கு 214. அவருடையது 340ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கே அவர் காலைக் கழுவிக் கட்டி, மாத்திரை கொடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொன்னார்கள். போய்க்கொண்டிருக்கிறார். விரல் தப்பிக்கும் என்று டாக்டர் நம்பிக்கை சொல்லியிருக்கிறாராம்.

அடுத்த வாரம் அந்தப் பெண் எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் திண்ணையில் இருந்தேன். கால் ஓடத்தான் பார்த்தது, அடக்கிக்கொண்டேன். விரலை நீட்டினேன்.

"கண்ணாடி போட்டிருக்கீகளா சார்? நல்லது. அப்ப இன்னைக்குத் தூரமாப் போகலாம்" என்றாள். குத்தினது தெரியவேயில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள். சாப்பாடு, நடை, மாத்திரை எல்லாவற்றையும் குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள்.

என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ பேசிக்கொண்டார்கள். நான் எழுதுகிற பாவனையில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஊருக்கெல்லாம் சொல்றியே ஆத்தா, அந்தப் பரிசோதனைய நீ பாத்துக்கிட்டியா?" என்று என் மனைவி கேட்டாள்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இல்லக்கா. நாப்பத்தொண்ணு ஆச்சு. போகணும் போகணும்னு நாலு வருசமா நினைக்கிறேன். தெரிஞ்ச நர்ஸுகளாத்தான் இருக்காக, அதுவே கூச்சமா இருக்கு. நீங்க?"

"நானும் இல்ல" என்றாள் என் மனைவி.

பேனா என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அக்காவைக் கொண்டுபோன நோய் எது என்று எனக்குத் தெரியும். அது போய் இத்தனை வருஷமாகியும், ஒரே கூரையின் கீழ் இருக்கிற மனைவியை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவளும் கல்லு மாதிரி இருக்கிறாள் என்றே வைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து போங்களேன்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "நானும் வாசல் வரைக்கும் வருகிறேன்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமைதான் பத்திரிகைக்கு அத்தியாயம் போய்ச் சேர வேண்டிய நாள். கதாநாயகி இன்னும் கிணற்றடியிலேயே நின்றுகொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு நாள் நிற்கட்டும். அன்று காலையில் நான் சுகாதார நிலையத்து வாசலில், வேப்பமர நிழலிலுள்ள பெஞ்சியில் உட்கார்ந்திருப்பேன்.